ஒடியல் மாவின் மூன்றாவது தண்ணீர்

பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து அரைத்த ஒடியல் மாவை ஊறவைத்திருந்த சட்டியில் மேலே தெளிந்து நின்ற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும்படி ஆச்சி சொன்னார். வைத்த கணமே முகம் சுளித்துவிட்டேன். பாகற்காயின் கசப்பைப் போல வந்து விலகிவிடாமல், அடிநாக்கில் தங்கித் தொண்டை வரை இழுத்துப் பிடிக்கும் கசப்பு அது. "இந்தத் தண்ணியோட காய்ச்சினா தலை சுத்தும், பிள்ளை. மா கலங்காமல் மெல்லச் சரிச்சு ஊத்து" என்றார். ஊற்றினேன். புதுத் தண்ணீர் விட்டுக் கையால் கலக்கிவிட்டு, இனி எவ்வளவு நேரம் கழித்து ஊற்ற வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். "மா கீழ இறங்கின பிறகு" என்பதுதான் பதில். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் யாழ்ப்பாணம் சென்று, வடமராட்சியில் பருத்தித்துறைக்கு அருகேயுள்ள ஒரு கடலோரக் கிராமத்தில், ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து ஒன்பது நாள் தங்கியிருந்தேன். என் தாய்வழி ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஒவ்வொரு தை மாதமும் மஞ்சள் சேர்த்து அவித்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்று வளர்ந்தவள் நான். அதே கிழங்கை அக்கரையில் வெயிலில் காயவைத்து, மாவாக்கி, மீனும் நண்டும் இறாலும் போட்டுக் கூழ் காய்ச்சுகிறார்கள் என்று பல காலமாகக் கேள்விப்பட்டிருந்தேன். யாழ்ப்பாண நகரத்து உணவகங்களில் ஒடியல் கூழ் கிடைக்கும். குடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். எனக்கோ அது ஒரு வீட்டில் எப்படி உருவாகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டில் எழுபத்தெட்டு வயதான ஆச்சி, அவருடைய இளைய மகன், மருமகள், பள்ளியில் படிக்கும் பேத்தி என நான்கு பேர். மூத்த மகன் டொராண்டோவிலும், மகள் லண்டனிலும் இருக்கிறார்கள். மருமகளை நான் அக்கா என்று அழைத்தேன். ஊரே ஆச்சியை ஆச்சி என்றுதான் அழைத்தது. இரண்டாம் நாள் மாலை குசினி வாசலில் உட்கார்ந்திருந்தபோது, ஒடியல் கூழ் காய்ச்சக் கற்றுத் தருவீர்களா என்று கேட்டேன். சமையலறையை அங்கே குசினி என்பார்கள். போர்த்துக்கீசியர் போய் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்களுடைய இந்தச் சொல் மட்டும் அடுப்படியை விட்டு நகரவில்லை.

"எத்தினை பேருக்கு?" என்று ஆச்சி கேட்டார்.

"நம்ம ஐந்து பேருக்குத்தானே, ஆச்சி?"

"அஞ்சு பேருக்குக் கூழ் காய்ச்சேலாது, பிள்ளை."

முடியாது என்று மறுக்கிறார் என்றே முதலில் நினைத்தேன். அக்காதான் விளக்கினார். கூழுக்குள் போகும் பொருள்கள் ஏராளம்: நண்டு, இறால், கணவாய், மீன் தலைகள், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கை இலை, ஒரு பிடி அரிசி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போட்டாலே சட்டி நிறைந்துவிடும்; அளவைக் குறைத்தால் ஒருவருக்கு நண்டு கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. மூத்த மகனும் மகளும் வெளிநாடு போன பிறகு, சில ஆண்டுகளாக இந்த வீட்டில் யாரும் கூழ் காய்ச்சியதே இல்லை என்றும் சொன்னார். அன்று இரவே பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் பேத்தி தூது போனாள். சனிக்கிழமை, பதினெட்டுப் பேர் என்று முடிவாயிற்று. அளவு என்ன என்று நான் அதுவரை கேட்டுக்கொண்டிருந்ததற்கெல்லாம் ஒரே விடை அதுதான். தண்ணீர் எவ்வளவு, மா எத்தனை சுண்டு, புளி எத்தனை உருண்டை என்பதெல்லாம் அந்தப் பதினெட்டிலிருந்துதான் புறப்பட்டன. சுண்டு என்பது அந்த வீட்டில் அரிசி அளக்கும் பழைய தகரப் பேணி; கூழுக்கு நாலு சுண்டு மா எடுத்தார்கள்.

சனிக்கிழமை வர மூன்று நாள் இருந்தன. அந்த மூன்று நாளில்தான் நான் அதிகம் கற்றேன் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டின் பின்புறம் பனங்கூடல். ஆடி, ஆவணியில் விழும் பனம்பழங்களின் கொட்டைகளைச் சேர்த்து, மணலை மேடாக்கிப் பாத்தி போட்டு அடுக்கி மூடிவிடுகிறார்கள். மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு இறங்கிவிடும். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும் தை, மாசியில் பாத்தியைக் கிண்டிக் கிழங்கை எடுக்கிறார்கள். முளைத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சு போன்ற இனிப்பான பருப்பு இருக்கும். நாங்கள் அதைத் தவுண் என்போம். அவர்கள் பூரான் என்கிறார்கள். பேத்தி "பூரான் சாப்பிடுவமா?" என்று முதன்முதலாகக் கேட்டபோது நான் திடுக்கிட்டு எழுந்து தரையைப் பார்த்தேன். எங்கள் ஊரில் பூரான் என்றால் கடிக்கிற பூச்சி.

கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகவே இரண்டாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். புழுக்கொடியல் ஏற்கனவே வெந்த பொருள் என்பதால், அதை அப்படியே கடித்துத் தின்னலாம், மாவாக்கித் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் பிசைந்தும் உண்ணலாம். ஒடியல் மா வேகாத மா. அதில் கசப்பு முழுவதும் இருக்கிறது. ஆனால் கொதிக்கும் நீரில் விழும்போது மலர்ந்து குழம்பைக் கெட்டியாக்கும் திறனும் அதில்தான் முழுமையாக இருக்கிறது. கூழுக்கு ஏன் புழுக்கொடியல் மாவைப் போடக் கூடாது, கசப்பைக் கழுவும் வேலை மிச்சமாகுமே என்று நான் கேட்டதற்கு, ஆச்சி ஒரு கிண்ணத்தில் அதைக் கொஞ்சம் வெந்நீரில் கலக்கிக் காட்டினார். மா ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. எந்தச் சமையல் குறிப்பிலும் நான் படித்திராத விளக்கம் அது. ஒரே நிமிடத்தில் முடிந்தது.

கிழங்கு கிழிக்கவும் பழகினேன். தோலையும் நாரையும் நீக்கி, நுனியை வெட்டிவிட்டு, கத்தியைச் சற்றே இறக்கிப் பிளந்தால் கிழங்கு தானாக இரண்டாகப் பிரிய வேண்டும். எனக்குப் பாதியில் முறிந்தது. முறிந்தவற்றை அக்கா ஒன்றும் சொல்லாமல் அவிப்பதற்கென்று தனியே ஒதுக்கினார். முதல் நாள் ஒதுக்கியவை ஒரு கடகம் நிறைய இருந்தன. மூன்றாம் நாள் ஆறே ஆறு. கிழித்தவற்றைக் கொடியில் தொங்கவிட்டோம். சில நாள் வெயிலில் அவை சுருங்கி, வளைந்து, கையால் ஒடித்தால் படீரென்று முறியும் பதத்துக்கு வரும். எங்கள் கூழுக்கான ஒடியல் முன்னதாகவே காய்ந்து தயாராக இருந்தது. பெரும்பகுதியை மில்லில் அரைத்து வந்தார்கள். கொஞ்சத்தை மட்டும் ஆச்சி உரலில் இடிக்கச் செய்து, அரிதட்டில் தானே அரித்து எடுத்தார். மில் மாவு சூடேறி வருவதால் வாசம் குறைகிறது என்பது அவர் கணிப்பு. இரண்டையும் முகர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பரணிலிருந்து கிடாரத்தை இறக்கினார்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அலுமினியப் பாத்திரம். அடியில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அதன் கதையை ஆச்சி சொன்னார். 1995 அக்டோபர் கடைசியில், போருக்கு அஞ்சி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு நடந்தபோது, அவர்களில் மூன்று குடும்பங்கள் இந்த வளவுக்கு வந்து சேர்ந்தன. பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகள் அவை. கடையில் மாவும் சீனியும் கிடைப்பது அரிது. வீட்டில் இருந்ததெல்லாம் பானைகளில் சேர்த்து வைத்திருந்த ஒடியல் மட்டுமே. "அந்த மாசம் முழுக்க இந்தக் கிடாரம் அடுப்பை விட்டு இறங்கேல்லை" என்றார். மீனுக்குக் கடலில் இறங்க வழியில்லாத நாள்களில் முருங்கை இலையும் பலாக்கொட்டையும் மட்டும் போட்டுக் காய்ச்சினார்களாம். பனைகளில் பாதி பதுங்குகுழிகளுக்கு மேல் அடுக்கத் தறிக்கப்பட்டுப் போயின என்றும், நட்ட பனை காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும் என்றும் சொல்லிவிட்டு, கிடாரத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் ஒருக்கால் தேய்" என்றார்.

மறுநாள் விடியுமுன் அக்காவின் கணவரோடு கரைக்குப் போனேன். படகுகள் வரத் தொடங்கியிருந்தன. வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்தியாவோ?" என்றார். ஆமாம் என்றேன். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வந்து அந்தக் கடலில் வலைகளை அறுத்துச் செல்வது பல ஆண்டுத் துயரம்; அந்த முறை மீன்பிடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டே தடை செய்தும் துயரம் தீரவில்லை. அவர் அறுந்த வலையின் ஓரத்தைத் தூக்கி ஒருமுறை காட்டினார். நான் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. வருந்துகிறேன் என்று மட்டும் சொன்னேன். கூழுக்கு என்று தெரிந்ததும், கூடையில் கைவிட்டுக் கனமான நீலக்கால் நண்டுகளாகப் பார்த்து எடுத்துத் தந்தார். அவரும் அன்று மதியம் கூழ் குடிக்க வந்தார். அக்காவின் கணவர் கரையிலேயே அழைத்துவிட்டிருந்தார். ஆக, பத்தொன்பது பேர்.

முற்றத்தில் மூன்று கல் வைத்து, பனை மட்டையும் தென்னம் மட்டையும் போட்டு அடுப்பு மூட்டினோம். செத்தல் மிளகாயை அம்மியில் அரைப்பது என் பங்கு. தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் அரைத்தும் தோல் துணுக்குகள் தெரிந்தன. இன்னும் அரைக்கச் சொன்னார்கள். கைகள் இரவு வரை எரிந்தன. கிடாரத்தில் தண்ணீர் கொதித்ததும் முதலில் அரிசியும் பலாக்கொட்டையும் விழுந்தன, பிறகு மரவள்ளிக்கிழங்கும் பயிற்றங்காயும். பலாக்கொட்டை நசுங்கும் பதம் வரும்வரை பழப்புளிக் கரைசலைக் கிட்டவே கொண்டுவர ஆச்சி விடவில்லை. புளிப்பு ஏறிவிட்டால் அதன் பிறகு கொட்டையும் கிழங்கும் இளகாது, விறைத்தே கிடக்கும் என்பது காரணம். அதன்பின் மீன் தலைகளும் நண்டும், அவை நிறம் மாறிய பிறகு இறாலும், எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கணவாயும் போயின. சிறு முள் நிறைந்த மீன் எதையும் அன்று வாங்கவில்லை. கூழ் என்பது கண்ணால் பார்த்து முள் எடுக்க முடியாத உணவு, வாய்க்கு நேரே ஊற்றிக் குடிப்பது.

இவை வெந்துகொண்டிருந்த நேரத்தில்தான் நான் மாவுச் சட்டியருகே உட்கார்ந்து தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தண்ணீரைச் சுவைத்தபோது கசப்பு குறைந்திருந்தது. ஆனாலும் நாக்கைப் பிடித்தது. ஊற்றினேன். மூன்றாவது தண்ணீரில் கசப்பைத் தேட வேண்டியிருந்தது. விழுங்கிய பிறகு, சற்றுப் பொறுத்து, மெல்லியதாக ஒன்று மேலெழுந்தது. அதையும் போக்கிவிட வேண்டும் என்று எண்ணி நாலாவது தண்ணீருக்காகச் சட்டியைத் தூக்கினேன். ஆச்சி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். தானும் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடி, சற்று நேரம் இருந்தார்.

"காணும். இந்தக் கைப்பு இருக்க வேணும். இதுவும் போனா அது ஒடியல் இல்லை, வெறும் மா."

காணும் என்றால் அங்கே போதும். என்னை மறுபடியும் சுவைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. அந்த அளவுக்கு அவரிடம் பெயர் எதுவும் இல்லை. என் நாக்கு அதை நினைவில் வைத்துக்கொள்ளும் வரை சுவைக்க வைப்பது ஒன்றே அவருக்குத் தெரிந்த வழியாக இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

தெளிந்த நீரை இறுத்துவிட்டு, மாவோடு மிளகாய்க் கூட்டையும் புளிக் கரைசலையும் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, கிடாரத்தில் மெல்ல ஊற்றியபடி துழாவ வேண்டும். ஊற்றியது அக்கா, துழாவியது நான். தீ சற்று அதிகம், என் கை சற்று மெதுவு. அடியில் பிடிக்கத் தொடங்கியதை மணத்திலேயே அறிந்து ஆச்சி ஒரு மட்டையை இழுத்து வெளியே போட்டார். "அடியைத் தொட்டுத் துழாவு, பிள்ளை, மேலால சுத்தாதை" என்றார். அகப்பை கிடாரத்தின் அடியை உரசும் ஒலி கேட்க வேண்டும் என்பதை அதன் பிறகே புரிந்துகொண்டேன். கலங்கலாக இருந்த குழம்பு சிறிது நேரத்தில் கனத்து, பளபளப்பேறி, பெரிய குமிழிகளாகக் கொப்பளித்தது. உருவிய முருங்கை இலையைத் தூவி, உப்புப் பார்த்து, தீயை இழுத்துவிட்டார்கள்.

கூழ் குடிக்கும் பனையோலைக் கிண்ணமான பிளாவை மடிப்பதற்கு எதிர் வீட்டுப் பெரியவர் வந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் பனை ஏறிய சீவல் தொழிலாளி. இளம் பனையோலையைக் கிழித்து, தோணி போலக் குழித்து மடக்கி, ஒரு முனையை ஓலை நாராலேயே சேர்த்துக் கட்டி, மூச்சு விடும் நேரத்துக்குள் ஒன்றை முடித்துக் கையில் தந்தார். என் பிளா மூன்று முறை ஒழுகியது. அவர் பிரித்துப் பிரித்து மீண்டும் மடிக்கச் செய்தார். கொதிக்கும் கூழை அதில் வார்த்தபோது பச்சை ஓலையின் வாசம் எழுந்து கூழோடு கலந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் குடித்திருந்தால் அந்த வாசம் இருந்திருக்காது. முதலில் வந்தது உறைப்பும் புளிப்பும். பிறகு நண்டின் இனிப்பு. எல்லாம் இறங்கிய பின், மூன்றாவது தண்ணீரில் நான் தேடிக் கண்டுபிடித்த அதே மெல்லிய கசப்பு வந்து நின்றது. அது வந்ததும் அடுத்த மடக்கு குடிக்கத் தோன்றியது. நடுநடுவே தேங்காய்ச் சொட்டை, அதாவது தேங்காய்ப் பத்தையை, கடித்துக்கொண்டோம். டொராண்டோவில் நள்ளிரவைத் தாண்டியிருந்த நேரத்தில் மூத்த மகன் வீடியோவில் வந்தார். முகங்களைக் காட்டுவதற்கு முன் கிடாரத்தைக் காட்டச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மா, தேங்காய்ச் சொட்டு வெட்டினியளோ?" என்று மட்டும் கேட்டார்.

கற்பித்ததற்குப் பணம் தர முயன்றேன். அறை வாடகைக்கு மேல் ஒரு ரூபாயும் அக்கா வாங்கவில்லை. பயணிகளுக்கென்று இரண்டு மணி நேரச் சமையல் வகுப்புகள் இப்போது பல ஊர்களில் நடக்கின்றன. நானும் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். நறுக்கி வைத்த காய்கள், அளந்து வைத்த மசாலா, கையில் ஒரு குறிப்புத் தாள் எல்லாம் கிடைக்கும். அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். நேரம் இல்லாதவர்களுக்கு அவை உதவும். ஆனால் ஒரு வீட்டில் தங்கிக் கற்க வாய்ப்பு கிடைக்குமானால், கிழங்கு கிழிப்பதிலிருந்து கிடாரம் கழுவுவது வரை இருங்கள் என்றுதான் நண்பர்களிடம் வற்புறுத்துகிறேன். கிடாரத்தைக் கழுவிய அந்த மாலையில்தான், கூழில் சேர்ப்பதற்கு இன்னும் என்னென்ன உண்டு, மழைக்காலத்தில் எது மாறும், ஒடியல் பிட்டுக்கு மாவை எப்படிப் பதப்படுத்துவது என்பதையெல்லாம் ஆச்சி தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் என் கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்லிவந்தார்.

ஊருக்குத் திரும்பும்போது இரண்டு கிலோ ஒடியல் மாவு கட்டித் தந்தார்கள். பங்குனியில் சென்னையில் என் வீட்டில் முதன்முறை காய்ச்சினேன். நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம். ஆச்சி சொன்னதை மீறி, அளவை வகுத்துக் கணக்குப் போட்டுச் சிறிய பாத்திரத்தில் வைத்தேன். நான்கு நண்டுக்கு மேல் இடமில்லை, பலாக்கொட்டை அடியில் தங்கிப்போனது, துழாவ இடமில்லாமல் மா கட்டி பிடித்தது. ஆனாலும் தண்ணீரை மட்டும் சரியாக மாற்றியிருந்தேன். மூன்றாவது தண்ணீரை அம்மாவிடம் நீட்டி, ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இது நம்ம விளையில் பச்சைக் கிழங்கைக் கடிச்ச வாசம்லா" என்றார். அவர் சிறுமியாக இருந்தபோது பனங்கொட்டை புதைத்த அந்த விளையில் இப்போது வீடுகள் நிற்கின்றன.

மீதி மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன். பெரிய பாத்திரம் ஒன்றை மாடி வீட்டு அத்தை தருவதாகச் சொல்லியிருக்கிறார். பலாக்கொட்டைகளைக் காயவைத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொரு பேர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் நான்கு பேர் சேர்ந்தால் நாள் குறித்துவிடுவேன்.